வால்வுல சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்தா... வயசானவங்க வீட்டுல கேக்குற கேள்விகள்

மதுரையில எக்கோ ஸ்கேன் எடுக்குற ரூம்ல டெக்னீசியனா வேலை பாக்குறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டின்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து வயசானவங்கள கூட்டிட்டு வருவாங்க, ரிப்போர்ட்ட வாங்கினதும் அதுல "கால்சிஃபிகேஷன்"னு ஒரு வார்த்தையப் பாத்துட்டு வாசல்லயே நின்னு கேக்க ஆரம்பிச்சுருவாங்க. டாக்டர் ரூம்ல கூட்டம், உள்ள போனா பாதி கேள்வி மறந்துபோகும், வெளிய வந்ததும் ஞாபகம் வரும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் கேட்டவங்க வார்த்தையிலயே இங்க எழுதியிருக்கேன். நான் டாக்டர் இல்ல. மாத்திரைய ஆரம்பிக்கிறது, நிறுத்துறது, கூட்டுறது, குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான்.

"வால்வுல கால்சியம் படிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன தம்பி?"

இதயத்துல நாலு வால்வு இருக்கு. ரத்தம் ஒரே பக்கமா போகணும், திரும்பி வந்துறக் கூடாது, அதுக்குத்தான் வால்வு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை தொறந்து மூடுது, 70 வருஷம் 75 வருஷம் இப்படியே ஓடுனா அந்த மெல்லிசான இதழ்ல தேய்மானம் வரத்தான் செய்யும். தேஞ்ச எடத்துல கொழுப்பு இறங்கி, உள்ளுக்குள்ள புண்ணு மாதிரி ஆகி, கடைசியா அங்க கால்சியம் படிஞ்சு கெட்டியாகுது. சும்மா மேல ஒட்டுற அழுக்கு இல்ல, எலும்பு உருவாகுற மாதிரியே ஒரு வேலை அங்க நடக்குது. ஸ்கிரீன்ல பாத்தா மத்த எடமெல்லாம் சாம்பக் கலர்ல இருக்கும், அந்த எடம் மட்டும் பளிச்சுனு வெள்ளையா மின்னும்.

பொதுவா ரெண்டு எடத்துலதான் படியும். ஒண்ணு அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் வெளிய போற வாசல், அங்க இதழ்லயே படியும். இன்னொண்ணு மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தோட இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற வாசல், அங்க இதழ விட அதச் சுத்தி இருக்குற வளையத்துலதான் அதிகம் படியும். கதவுக்குப் பதிலா கதவு நிலையில படியுதுன்னு வச்சுக்கங்க. ரிப்போர்ட்ல "மைட்ரல் ஆனுலர் கால்சிஃபிகேஷன்" இல்லைன்னா சுருக்கமா எம்ஏசின்னு போட்டிருப்பாங்க. வாதத்தோட, அதாவது ஸ்ட்ரோக்குன்னு சொல்ற பக்கவாதத்தோட சேத்து அதிகம் பேசப்படுறது இந்த ரெண்டாவதுதான்.

"இது அடைப்பா? ஆஞ்சியோ பண்ணி பலூன் வைக்கணுமா?"

அடைப்புன்னு நம்ம ஊர்ல சொல்றது இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய்ல வர்றது. இது வால்வு, வேற எடம், வேற பிரச்சனை. ஆனா ரெண்டும் வர்ற காரணம் பெரும்பாலும் ஒண்ணேதான், அதனால வால்வுல கால்சியம் இருக்குறவங்களுக்கு குழாய்லயும் கோளாறு இருக்க வாய்ப்பு கூட. நெஞ்சு வலி, நடந்தா நெஞ்சடைக்குறதுன்னு இருந்தா டாக்டர் அதத் தனியா பாப்பாரு. எக்கோவுல குழாய் அடைப்பு நேரடியாத் தெரியாது, அதையும் சொல்லிர்றேன், ஏன்னா "எக்கோ எடுத்தாச்சு, அடைப்பு இல்ல"ன்னு நெனைச்சுக்கிட்டு போறவங்க நெறைய.

"அப்பாவுக்கு ஸ்க்லெரோசிஸ்னு வந்திருக்கு, பக்கத்து வீட்டு பெரியப்பாவுக்கு ஸ்டெனோசிஸ்னு வந்துச்சு, ரெண்டும் ஒண்ணா?"

ஒண்ணு இல்ல. ஸ்க்லெரோசிஸ்னா இதழ் தடிச்சிருக்கு, கால்சியம் கொஞ்சம் இருக்கு, ஆனா கதவு ஒழுங்காத் தொறக்குது, ரத்தம் தடையில்லாமப் போகுது. 65 வயசுக்கு மேல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு இது இருக்கும். ஸ்டெனோசிஸ்னா வாசல் சுருங்கிருச்சு, இதயம் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கு.

அயோர்டிக் வால்வு எவ்வளவு சுருங்கிருக்குன்னு ரத்தம் பீச்சி அடிக்கிற வேகத்த வச்சு அளப்போம். நொடிக்கு 2 மீட்டருக்கு உள்ள இருந்தா ஸ்க்லெரோசிஸ், 2ல இருந்து 3க்குள்ள மைல்டு, 3ல இருந்து 4க்குள்ள மாடரேட், 4ம் அதுக்கு மேலயும் சிவியர். வாசலோட பரப்பு நல்லா இருக்குறவங்களுக்கு 3ல இருந்து 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும், 1க்கு கீழ இறங்குனா சிவியர். ரிப்போர்ட்ட கையில வாங்கினதும் இந்த மூணையும் டாக்டர்கிட்ட கேட்டுருங்க: எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம், நாடி சீரா இருக்கா. மூணாவது ஏன்னு கீழ வரும்.

"அப்பத்தா வெத்தலைக்கு சுண்ணாம்பு அள்ளி அள்ளித் தடவும், அதுதான் போய் படிஞ்சிருச்சோ?"

இந்தக் கேள்விய எத்தனை பேர் கேட்டிருக்காங்கன்னு சொல்லி முடியாது. வெத்தலைச் சுண்ணாம்பு வால்வுல போய் ஒட்டாது. அதே மாதிரி பால், தயிர், கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை எதையும் நிறுத்த வேண்டாம், சாப்பாட்டுல இருக்குற கால்சியத்தால இது வர்றதில்ல. பால நிறுத்திட்டு எலும்பு தேஞ்சு பாத்ரூம்ல விழுந்து இடுப்ப ஒடைச்சுக்கிட்டா அது இத விடப் பெரிய கஷ்டம். ஆனா வெத்தலையோட போயிலையும் சேருதுன்னா அத விட்டே ஆகணும், போயிலை ரத்தக்குழாய்க்கும் கெடுதல், வாய்க்கும் கெடுதல்.

கால்சியம் மாத்திரை கொஞ்சம் வேற விஷயம். மூட்டு வலிக்குன்னு கடையில தானா வாங்கி வருஷக்கணக்கா போடுறவங்க இருக்காங்க. டாக்டர் எலும்புக்குன்னு எழுதிக் குடுத்தா போடுங்க, தானா வாங்கிப் போடாதீங்க, கிட்னி கோளாறு இருக்குறவங்க ரொம்பவே கவனமா இருக்கணும்.

"பின்ன எதனாலதான் வருது?"

வயசு மொதக் காரணம். அப்புறம் பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, பீடி சிகரெட். கிட்னி கெட்டுப் போனவங்களுக்கு, அதுலயும் டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு, மத்தவங்களுக்கு 70ல வர்றது 50லயே வந்துரும், ஏன்னா ரத்தத்துல பாஸ்பரஸ் கால்சியம் கணக்கு தப்பிப் போகுது. வளையத்துல படியுற எம்ஏசி பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூட.

பொறக்கும்போதே அயோர்டிக் வால்வுல மூணு இதழுக்குப் பதிலா ரெண்டு இருக்குறவங்க நூத்துல ஒருத்தர் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு சீக்கிரமே கால்சியம் படியும். சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து, வருஷக்கணக்கா பென்சிலின் ஊசி போட்ட ஆளுங்க நம்ம பக்கம் நெறைய. அது ருமாட்டிக் காய்ச்சல், அதுல கெட்ட வால்வுலயும் பின்னாடி கால்சியம் படியும். அப்படி ஊசி போட்ட கதை இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, ஏன்னா மாத்திரை விஷயத்துல கணக்கு மாறும்.

"கால்சியத்துக்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம்? துண்டா ஒடைஞ்சு மூளைக்குப் போயிருமா?"

இந்தப் பயத்துலதான் ரொம்பப் பேர் ராத்திரி தூங்காம கெடக்குறாங்க. ஒடைஞ்சு போறது உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், கண்ணுக்குப் போற குழாய்லயும் மூளைக் குழாய்லயும் கால்சியத் துணுக்கு சிக்கிக்கிட்டதை டாக்டர்கள் பாத்திருக்காங்க. ஆனா அது அபூர்வம். சொரசொரன்னு ஆன எடத்துல ரத்தம் கட்டி ஒட்டி அது பிரிஞ்சு போறது இன்னொரு வழி, அதுவும் அடிக்கடி இல்ல.

அதிகம் நடக்குறது வேற ரெண்டு. ஒண்ணு, வால்வு கெட்டியாகி இதயத்தோட மேல் அறை வீங்குது, வீங்குன அறை சீரா துடிக்காம நடுங்க ஆரம்பிக்குது, அங்க ரத்தம் தேங்கிக் கட்டி ஆகி மூளைக்குப் போகுது. இன்னொண்ணு, எந்தக் காரணத்தால வால்வுல கால்சியம் படிஞ்சதோ அதே காரணத்தால கழுத்துக் குழாய்லயும் மூளைக் குழாய்லயும் கொழுப்பும் கால்சியமும் ஏறியிருக்கும். அப்ப வாதம் வர்றது அந்தக் குழாயால, வால்வு சாட்சி மட்டுந்தான். அதனாலதான் வால்வையே பாத்துப் பயந்துக்கிட்டு பிபி மாத்திரைய விட்டுர்றவங்கள பாத்தா எனக்கு மனசு பதறும்.

"சரி, எவ்வளவு ரிஸ்க்குன்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்"

அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்னு ஒரு ஊரு, அந்த ஊர் ஜனங்கள 1948ல இருந்து தொடர்ந்து பாத்துக்கிட்டு வர்றாங்க. அதுல வயசானவங்க 1,159 பேரோட எக்கோவ எடுத்து 8 வருஷம் கவனிச்சு 1992ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மைட்ரல் வளையத்துல கால்சியம் இருந்தவங்களுக்கு இல்லாதவங்கள விட ரெண்டு மடங்கு வாதம் வந்திருக்கு, வயசு, பிபி, சுகர், புகைன்னு எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தும் ரெண்டு மடங்கு, படிவு தடிமன் கூடக்கூட ரிஸ்க்கும் கூடியிருக்கு. ஆனா கால்சியமே வாதத்த வரவைக்குதா, இல்ல வரப்போறவங்கள காட்டிக் குடுக்குற அடையாளமான்னு இதுல உறுதியாச் சொல்ல முடியாதுன்னு அதே ஆய்வுல அவங்களே எழுதியிருக்காங்க.

ரெண்டு மடங்குன்னதும் கண்டிப்பா வரும்னு நெனைச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. ஒரு பேச்சுக்கு நூறு பேர்ல அஞ்சு பேருக்கு வர்ற எடத்துல பத்து பேருக்கு வருதுன்னா அதுவும் ரெண்டு மடங்குதான், மிச்சம் தொண்ணூறு பேருக்கு வரல. அயோர்டிக் ஸ்க்லெரோசிஸ பொறுத்தவரை 1999ல வந்த இன்னொரு பெரிய ஆய்வுல, 65 தாண்டினவங்க 5,000க்கு மேல பாத்ததுல, மாரடைப்பும் இதயத்தால வர்ற சாவும் ஏறக்குறைய 50 சதவீதம் கூட இருந்துச்சு. வாசல் நல்லாத் தொறந்தாலும் இதக் கண்டுக்காம விடக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

"நாடி சீரா இருக்கான்னு கேக்கச் சொன்னீங்களே, அது எதுக்கு?"

மேல சொன்ன மேல் அறை நடுக்கம், அதுக்குப் பேரு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஏஎஃப்னு சொல்வாங்க. அது இருந்தா வாதம் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய அஞ்சு மடங்கு. வயசானவங்களுக்கு இது படபடப்பே இல்லாமக் கூட இருக்கும், எக்கோ எடுக்கும்போது ஈசிஜி கோடு தாறுமாறா ஓடுறதப் பாத்துட்டு "இதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களாம்மா"ன்னு கேட்டா, இல்லவே இல்லைம்பாங்க.

வீட்டுலயே பாக்கலாம். உக்கார வச்சு, மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் ரெண்டு விரல வச்சு ஒரு நிமிஷம் முழுசா பாருங்க. டக் டக்னு ஒரே தாளத்துல வந்தா சரி. ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட்டு, ஒண்ணு பலமா, ஒண்ணு லேசான்னு ஒழுங்கே இல்லாம வந்தா அன்னைக்கே போய் ஈசிஜி எடுங்க, பத்து நிமிஷ வேலை. விட்டு விட்டு வர்றதா இருந்தா ஒரு நாள் பூரா உடம்புல மாட்டிப் பாக்குற ஹோல்ட்டர் வேண்டியிருக்கும்.

"ரத்தம் கட்டாம இருக்க நாங்களே தெனமும் ஒரு ஆஸ்பிரின் குடுக்கலாமா?"

வேண்டாம். 70 தாண்டி இதய நோய் இல்லாதவங்களுக்கு தினமும் ஆஸ்பிரின் குடுத்துப் பாத்த பெரிய ஆய்வு 2018ல வந்துச்சு, பலன் ஒண்ணும் தெரியல, ரத்தக்கசிவுதான் கூடுச்சு. வால்வுல கால்சியம் இருக்குன்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்பிரின் போடணும்னு இல்ல. ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, ஒரு தடவை வாதம் வந்தவங்க கதை வேற, அவங்க டாக்டர் சொன்னத ஒரு நாளும் விடக்கூடாது.

ஏஎஃப் இருக்குறவங்களுக்கு ஆஸ்பிரின் பத்தாது, அது அந்த வேலைக்கான மாத்திரையே இல்ல. அதுக்குன்னு ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை தனியா இருக்கு. வயசு 75 தாண்டிருச்சா, பிபி இருக்கா, சுகர் இருக்கா, முன்னாடி வாதம் வந்துச்சான்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு யாருக்கு அவசியம்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு.

"அந்த கால்சியத்த கரைக்க மருந்து இல்லையா? கிட்னி கல்லையே கரைக்கிறாங்களே?"

இன்னைக்கு வரைக்கும் இல்ல. கொழுப்பு மாத்திரை குடுத்தா வால்வு கெட்டியாகுறது கொறையுமான்னு 2005ல இருந்து 2010க்குள்ள மூணு பெரிய ஆய்வு பண்ணிப் பாத்தாங்க, மூணுலயும் கொறையல. வைட்டமின் கே2, அதோட டி சேத்து ரெண்டு வருஷம் குடுத்துப் பாத்த ஆய்வு 2022ல வந்துச்சு, அதுலயும் ஒண்ணும் நடக்கல. அதுக்காக கொழுப்பு மாத்திரைய நிறுத்திறாதீங்க, அது வால்வுக்காக எழுதுனது இல்ல, ரத்தக்குழாய்க்காக எழுதுனது, அங்க அது நல்லாவே வேலை செய்யுது.

நரம்பு வழியா மருந்து ஏத்தி கால்சியத்த எல்லாம் எடுத்துர்றோம், ஆபரேஷனே வேண்டாம்னு சொல்ற எடங்களுக்குப் போகாதீங்க. வால்வுல படிஞ்சத அப்படி எடுக்க முடியாது. ஆயிரக்கணக்குல காசு போகும், அதவிடப் பெருசு, ஆபரேஷனுக்கு உண்டான நேரமும் போயிரும்.

"மருந்தும் இல்லைங்குறீங்க, அப்ப நாங்க என்னதான் செய்றது?"

பிபிதான் மொத வேலை. வாதத்துக்கு அத விடப் பெரிய காரணம் கெடையாது, அதக் கொறைக்கிறது நம்ம கையில இருக்கு. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு அலைய முடியலைன்னு விட்டவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி பாத்து பிபி, சுகர் மாத்திரை குடுக்குறாங்க, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லிப் பேர் சேத்துக்கங்க. "தலை சுத்தல, நல்லாத்தான் இருக்கேன்"னு மாத்திரைய நிறுத்துறதுதான் நான் அதிகம் கேக்குற விஷயம். மாத்திரை போடுறதாலதான் நல்லா இருக்காங்க.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன். நம்ம வீட்டுல குழம்புல போடுறத விட தொட்டுக்கிறதுலதான் உப்பு ஏறுது, கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய். பழைய சோத்துக்கு ஊறுகாய்க்குப் பதிலா சின்ன வெங்காயம் போதும். பீடி, சிகரெட், போயிலை அறவே வேண்டாம். சுருக்கம் இல்லாதவங்க, மைல்டு இருக்குறவங்க தினமும் அரை மணி நேரம் நடக்கலாம், நடந்தா வால்வு தேயாது. சிவியர் இருக்குறவங்க மட்டும் திருப்பரங்குன்றம் மலைப்படி ஏறுறது, தண்ணிக் குடம் தூக்குறது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல வெயில்ல நிக்கிறது எதுவும் டாக்டர்கிட்ட கேக்காம செய்யக் கூடாது.

எக்கோவ எப்ப திரும்ப எடுக்கணும்னும் கேப்பாங்க. மைல்டுன்னா 3ல இருந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை, மாடரேட்டுன்னா 1ல இருந்து 2 வருஷம், சிவியர்னா 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம். பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போட்டுறாதீங்க, போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவுன்னு பாத்தாத்தான் எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியும்.

"அசிட்ரோம் போடுறோம், கீரை சாப்பிடக்கூடாதுன்னு சொல்றாங்க, நெசமா?"

அறவே கூடாதுன்னு இல்ல, அளவு மாறக்கூடாது. அசிட்ரோம், வார்ஃபரின் ரெண்டும் வைட்டமின் கே வேலைய தடுத்து ரத்தம் உறையாம பாக்குது, கீரையில அந்த வைட்டமின் நெறைய இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் கீரைன்னா எப்பவும் ரெண்டு நாளே இருக்கட்டும். அஞ்சு நாள் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னு போனாத்தான் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட் கணக்கு, ஏறி இறங்கும். ஏஎஃப்புக்குப் பொதுவா அது 2ல இருந்து 3க்குள்ள இருக்கணும்.

வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் சொல்லாம சேக்காதீங்க, இதோட மோதி ரத்தக்கசிவு ஆயிரும். ஐஎன்ஆர் பாக்கத் தேவையில்லாத புது மாத்திரை இப்ப இருக்கு, கால்சியம் படிஞ்ச வால்வோட ஏஎஃப் இருக்குற பெரும்பாலானவங்களுக்கு அது சரிப்படும். ஆனா ருமாட்டிக் காய்ச்சல்ல மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்கும், உலோக வால்வு வச்சவங்களுக்கும் பழைய மாத்திரைதான். பென்சிலின் ஊசிக் கதைய சொல்லுங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரை போடுறாருன்னு நீங்களா மாறிறாதீங்க.

"வாதம் வந்தா எப்படித் தெரியும், மொதல்ல என்ன செய்யணும்?"

திடீர்னு வரும். வாய் ஒரு பக்கம் கோணும், சிரிக்கச் சொன்னா ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு கீழ விழும். பேச்சு கொளறும், இல்லைன்னா நாம சொல்றது அவங்களுக்குப் புரியாது. திடீர்னு ஒரு கண்ணு இருட்டுறது, நிக்க முடியாம தள்ளாடுறதும் இதுல சேரும். இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே 108க்கு அடிங்க, "வாதம் மாதிரி இருக்கு"ன்னு சொல்லியே கூப்பிடுங்க. கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு ஒரு சீட்டுல குறிச்சு வச்சுக்கங்க, டாக்டர் கேக்குற மொதக் கேள்வி அதுதான். கட்டிய கரைக்கிற ஊசிய 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுக்கணும். அதனால சிடி இருக்குற எடத்துக்கே நேராப் போங்க, பெரியாஸ்பத்திரிக்கோ, பக்கத்துல இருக்குற வேற பெரிய எடத்துக்கோ. தெரு முக்கு கிளினிக்ல ஒரு குளுக்கோஸ் போட்டுட்டுப் போகலாம்னு நிக்காதீங்க.

செய்யக் கூடாதது கொஞ்சம் இருக்கு. தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாயில ஊத்தாதீங்க, பொரையேறி நுரையீரலுக்குப் போயிரும். ஆஸ்பிரினும் குடுக்காதீங்க, சில பேருக்கு வாதம் அடைப்பால வராம மூளையில ரத்தம் கசிஞ்சு வரும், சிடி பாக்காம அது தெரியாது. விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வர்றது பொய். புறா ரத்தம் தேய்க்கிறேன்னு ஊருக்குக் கூட்டிப் போறதும் வேண்டவே வேண்டாம், அந்த நாலரை மணி நேரம் திரும்ப வராது.

"அம்மாவுக்கு ஒரு பத்து நிமிஷம் கை வரல, வாய் கொளறுச்சு, அப்புறம் தானா சரியாப்போச்சு. விட்டுறலாமா?"

விடவே கூடாது. அது குட்டி வாதம், டிஐஏன்னு சொல்வாங்க. பெரிய வாதம் பின்னாடி வருதுன்னு உடம்பு குடுக்குற எச்சரிக்கை, அதுலயும் மொத ரெண்டு நாள்தான் ஆபத்து அதிகம். அன்னைக்கே போகணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. போகும்போது எக்கோ ரிப்போர்ட்டையும் தினமும் போடுற மாத்திரை அட்டையையும் எடுத்துக்கங்க.

"நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வீட்டுல இருக்கு, வால்வு சுருங்கினவங்களுக்கு வைக்கலாமா?"

அயோர்டிக் சுருக்கம் சிவியரா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம வைக்காதீங்க. அந்த மாத்திரை குழாய விரிச்சு பிபிய டக்குனு இறக்கும், சுருங்கின வாசல் வழியா இதயத்தால ஈடு குடுக்க முடியாது, ஆள் மயங்கி விழுந்துருவாங்க. நல்லா இருக்கும்போதே ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

"பல்லு புடுங்கணும், கண்புரை ஆபரேஷன் பண்ணனும், ரத்தம் உறையாத மாத்திரைய நிறுத்தலாமா?"

நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்துன அந்த நாலஞ்சு நாள்ல வாதம் வந்தவங்க இருக்காங்க. கண்புரைக்கும் ஒரு பல்லு எடுக்குறதுக்கும் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்றாங்க, பல் டாக்டரையும் இதய டாக்டரையும் ஒரு வார்த்தை பேச வச்சுருங்க. பல்லு எடுக்க முன்னாடி ஆன்டிபயாடிக் வேணுமான்னா, வால்வு மாத்தினவங்களுக்கு வேணும், வெறும் கால்சியம் மட்டும் இருக்குறவங்களுக்குத் தேவையில்ல.

"அப்பாவுக்கு அயோர்டிக் சிவியர், அதோட ரத்தமும் கொறைஞ்சுக்கிட்டே இருக்கு, சம்பந்தம் இருக்கா?"

இருக்கலாம். சுருங்கின வால்வு வழியா ரத்தம் பீச்சி அடிக்கும்போது ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் செதைஞ்சு போகுது, அதனால குடல்ல கசியும். மலம் தார் மாதிரி கருப்பாப் போனா உடனே சொல்லுங்க. இப்படிப்பட்டவங்களுக்கு ஆஸ்பிரின நாமளா குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

"வால்வு மாத்துற ஆபரேஷன்லயே வாதம் வரும்ங்குறாங்களே, அப்ப எதுக்கு மாத்தணும்?"

வரலாம், மறைக்கிற விஷயம் இல்ல. நெஞ்சத் தொறந்து மாத்துனாலும், தொடைக் குழாய் வழியா வால்வ கொண்டு போய் வைக்கிற டாவி முறையில பண்ணாலும், மொத ஒரு மாசத்துல நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வாதம் வர வாய்ப்பு இருக்கு. பழைய வால்வுல இருக்குற கால்சியத்தத் தள்ளும்போதும் வெட்டும்போதும் துணுக்கு போறதும் ஒரு காரணம்.

ஆனா அடுத்த பக்கத்தையும் பாக்கணும். அயோர்டிக் சிவியரா இருந்து மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, மயக்கம்னு தொந்தரவு ஆரம்பிச்ச பொறகு மாத்தாம விட்டா பெரும்பாலானவங்க ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள போயிர்றாங்க. மாத்திரையால அத நிறுத்த முடியாது. டாவி 2002ல பிரான்ஸ்ல மொதல்ல பண்ணாங்க, இப்ப மதுரையிலயே பண்றாங்க, செலவு ரொம்ப அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, எந்த முறை அதுல சேரும்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுருங்க.

"தாத்தாவுக்கு 84, 'எனக்கு கத்தியும் வேணாம் ஒண்ணும் வேணாம்'ங்குறாரு. கட்டாயப்படுத்தலாமா?"

மொதல்ல ஏன் வேணாம்னு கேளுங்க. காசுக்குப் பயமா, வலிக்குப் பயமா, படுக்கையில விழுந்து புள்ளைங்களுக்குப் பாரமாயிருவோம்னு பயமா. ரொம்பப் பேருக்கு நெஞ்சத் தொறக்காமலே ஒரு வழி இருக்குன்றதே தெரியாது, அதத் தெரிஞ்ச பொறகு மனசு மாறுறவங்களும் உண்டு. டாக்டர்கிட்ட பேசும்போது அவரையும் கூடவே உக்கார வைங்க, வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டு மகனும் மருமகனும் மட்டும் உள்ள போய் முடிவு பண்றது சரியில்ல, உடம்பு அவருது.

எல்லாம் தெரிஞ்சும் வேணாம்னு சொன்னா அதுவும் அவரு முடிவு, அதுக்கப்புறமும் வைத்தியம் இருக்கு. மூச்சுத் திணறலுக்கு நீர் பிரியுற மாத்திரை, பிபி ஏறாம பாக்குறது, ஏஎஃப் இருந்தா அதுக்கான மாத்திரை, விழுந்துறாம வீட்டுல பாத்ரூமுக்குக் கைப்பிடி. இதெல்லாம் எழுதி வாங்கிக்கங்க, அடுத்து எப்ப வரணும்னு தேதியும் கேட்டுக்கங்க.